ஒலிநாடாவில் ஒரு தன்வரலாறு: நிகித்தா குருஷேவின் நினைவுக்குறிப்புகள் பற்றிச் சில சிந்தனைகள்

சோவியத் யூனியனின் தலைமைப் பீடத்தில் இருந்தோருள் இருவரின் நினைவுக்குறிப்புகள் 1970களில் நூல்வடிவம் பெற்றன. ஒன்று லியோனித் பிரெஷ்னேவின் பெயரில் 1978இல் வெளிவந்தது. தொழில்முறைப் பத்திரிகையாளர் சிலர் திரைமறைவில் எழுதிக்கொடுத்த அவ்வரிசை நூல்கள் பெருந்தொகையாக அச்சிடப்பட்டன. லெனின் இலக்கியப் பரிசும் அவற்றுக்கு வழங்கப்பட்டது. மற்றையது, பிரெஷ்னேவும் அவர் சார்ந்தோரும் 1964 ஒக்டோபரிற் பதவியிறக்கிய நிகித்தா செர்கேயெவிச் குருஷேவ் தம் வாயாற் சொல்லிப் பதிவுசெய்தது. அது முதலில் அந்நிய மண்ணில், அந்நிய மொழியில் வெளிவந்தது. சொந்த நாட்டில் அச்சேற அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. எழுதாதவருக்குப் பரிசும் சொன்னவருக்கு விசாரணையும் கிடைத்தன என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் ஒரு சமுதாயம் தன் கடந்தகாலத்தை யார் வாயிலாக, எவ்வடிவிற் கேட்க விரும்புகிறது என்னும் வினா அவ்வேடிக்கைக்குள் அடங்கியிருக்கிறது.

இக்கட்டுரையில் நாம் நோக்க எடுத்துக்கொள்வது இரண்டாவதனையே. 'தனிநபர் வழிபாடு' என்னும் தொடரை உலக அரசியல் வழக்கிற்குப் பரவலாக்கியவர் குருஷேவ். அத்தகையவர், இயல்பிலேயே தனிநபரை நடுவாகக் கொண்ட தன்வரலாறு என்னும் வடிவத்தைக் கையாள நேர்ந்தபோது அவரது கண்டனம் என்னவாயிற்று? இதுவே நமது வினா.

முதலிற் பாடம் பற்றிய சில செய்திகள். குருஷேவ் கிராமப் பள்ளியிற் சில ஆண்டுகளே படித்தவர். பேச்சில் அவருக்கிருந்த வலு எழுத்தில் இருக்கவில்லை. பதவியிழந்தபின் மொஸ்கோவுக்கு வெளியே பெத்ரோவோ-தால்னெயெ என்னுமிடத்திற் காவலர் சூழ வாழ்ந்த அவர், 1966இல் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசத் தொடங்கினார். பத்திரிகைகளோ ஆவணங்களோ அருகில் இல்லை; நினைவு ஒன்றையே நம்பிப் பேசினார். மகன் செர்கெய் குருஷேவ் அப்பேச்சைத் தட்டெழுத்தாக்கி ஒழுங்குபடுத்தினார். 1968இற் கட்சி மத்திய குழுவுக்கு அழைக்கப்பட்ட முதியவர், பதிவை நிறுத்துமாறு பணிக்கப்பட்டார்; மறுத்தார். ஓய்வூதியத்தையும் வீட்டையும் பறித்துக்கொண்டாலும் தாம் அஞ்சப்போவதில்லை என்றும், உலோகத் தொழிலாளியாகப் பழகிய கை இன்னும் தொழிலை மறக்கவில்லை என்றும் அவர் அங்குக் கூறியதாகச் செர்கெய் பின்னர் எழுதியுள்ளார். நாட்டின் உச்சப் பதவியில் இருந்த ஒருவர், எழுபது வயதைக் கடந்தபின், தமக்குரிய இறுதி அரணாகத் தம் இளமைத் தொழிலை நினைத்தமை மனங்கொளத்தக்கது.

1970 யூலையில் அரச பாதுகாப்புத் துறையினர் நாடாக்களையும் தட்டெழுத்துப் பிரதிகளையும் மகனிடமிருந்து கைப்பற்றினர். அதற்குமுன் ஒரு பிரதி நாட்டைக் கடந்துவிட்டது. அமெரிக்க வெளியீட்டாளர் அதனை மெய்யென எவ்வாறு அறிவது? அவர்கள் இரண்டு தொப்பிகளை அனுப்பி வைத்தனர். அவற்றை அணிந்து குருஷேவ் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் திரும்பிச் சென்றன. வார்த்தை எதுவுமின்றிக் கிடைத்த ஒப்புதல் அது. அவ்வாண்டின் இறுதியில் ஆங்கில நூல் வெளிவந்தது. மொழிபெயர்த்த ஸ்ட்ரோப் டால்பட் அப்போது இருபத்துநான்கு வயது மாணவர்.

நவம்பரிற் குருஷேவ் மீண்டும் அழைக்கப்பட்டு மறுப்பறிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டார். இலக்கிய மாணவர் அதனைச் சொல்லுக்குச் சொல் வாசித்தல் நன்று. நினைவுக்குறிப்புகளை அந்நிய வெளியீட்டாளர் எவருக்கும் தாம் கையளிக்கவில்லை என்றும், ஆகவே வெளிவந்தது புனைவு என்றும் அதிற் கூறப்பட்டது. நினைவுக்குறிப்புகளைத் தாம் ஆக்கவேயில்லை என்று அதில் எவ்விடத்தும் கூறப்படவில்லை. அன்று அதனை மேலைநாட்டு உளவுத்துறையின் போலி என ஒதுக்கியோர் இடதுசாரிகளிடையே பலர். மறுப்பின் இச்சொற்சிக்கனத்தை அவர்கள் கவனித்திருப்பின் சற்றுத் தயங்கியிருப்பர். மூல நாடாக்கள் பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டன. 1974இல் இரண்டாம் தொகுதியும், முன்னர் பாதுகாப்புக் கருதி விலக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு 1990இல் மூன்றாம் தொகுதியும் வந்தன. ரஷ்ய மூலம் 1990 முதல் வரலாற்று ஏடொன்றிலே தொடராகவும், 1999இல் 'காலம், மனிதர், அதிகாரம்' என்னும் பெயரில் நான்கு தொகுதிகளாகவும் வெளிவந்தது. இன்று நாம் பேசுவது இம்முழுப் பாடத்தை மனத்திற்கொண்டேயாகும்.

1894இற் கூர்ஸ்க் மாகாணத்துக் கலினோவ்கா கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்திற் பிறந்த குருஷேவ், 1908இற் குடும்பத்துடன் தொன்பாஸ் நிலக்கரிப் பிரதேசத்து யூசொவ்காவிற்கு வந்தார். பிரித்தானிய முதலாளி ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நகரில் உலோகத் தொழில் பயின்று, சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். 1918இற் போல்ஷெவிக் கட்சியிற் சேர்ந்தார். உள்நாட்டுப் போரின் காலத்தில் முதல் மனைவி நச்சுக்காய்ச்சலால் இறந்தார். 1929இல் மொஸ்கோக் கைத்தொழிற் கழகத்தில் மாணவரானார். ஸ்டாலினின் மனைவி நதேஷ்தா அல்லிலூயெவாவும் அங்குப் படித்துக்கொண்டிருந்தார். தம்மைப் பற்றி அவர் கணவரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்க வேண்டும், 1937இல் தாம் தப்பியது அதனாலேயே என்று குருஷேவ் நம்பினார். அதனை ஓர் அதிர்ஷ்டலாபச் சீட்டு எனவே குறிப்பிடுகிறார். ஆயிரமாயிரம் கட்சி ஊழியரின் சாவையும் வாழ்வையும் சீட்டுக்குலுக்கலாக உணரும் ஒருவர், வரலாற்றுக்கு விதிகள் உண்டென்று கற்பித்த கட்சியின் தலைவராயிருந்தார் என்பதை நாம் எளிதிற் கடந்து செல்லல் இயலாது.

நூலின் தொடக்கப் பகுதியில் ஓரிடம் உண்டு. நாம் வாசித்த அரசியல் தன்வரலாறுகளில் அதற்கு நிகரானவை மிகச்சிலவே. 1914இல் திருமணமானபோது தமக்குக் கிடைத்த வீட்டைக் குருஷேவ் நினைவுகூர்கிறார்: படுக்கையறை, சமையலறை, சாப்பாட்டறை எனப் பிரிந்த, ஒரு திறமை வாய்ந்த தொழிலாளிக்குரிய வீடு. பின்னர் மொஸ்கோவிற் கட்சிப் பொறுப்பில் இருந்தபோது, சோவியத் ஆட்சியில் வாழும் தொழிலாளர், முதலாளித்துவத்தின் கீழ்த் தாம் வாழ்ந்ததிலும் இழிந்த நிலையில் நெருக்குண்டு கிடப்பதைக் கண்டு வேதனையுற்றதாகச் சொல்கிறார். ஜாரின் காலத்தைப் புகழ்வது அவர் நோக்கமன்று. அக்காலத்துச் சுரங்க வாழ்வின் கொடுமைகளை அவர் மறந்தவருமல்லர். தம் தோள் அறிந்த ஒன்றைக் கொள்கைக்காக மறுக்க அவரால் முடியவில்லை, அவ்வளவே. 1957 யூலை வீடமைப்புத் தீர்மானத்தையும், அதன்பின் எழுந்த ஐந்துமாடிப் பலகைக் கட்டிடங்களையும் இந்நினைவிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்வது கடினம். மக்கள் அவற்றை 'குருஷொவ்கா' என அழைத்தனர். அவை அழகற்றவை, கூரை தாழ்ந்தவை, சுவர் மெலிந்தவை என எள்ளியோர் உளர். ஒரே அறையில் இரு குடும்பம் திரைச்சீலை கட்டி வாழ்ந்தவர்கள் முதன்முறையாகத் தமக்கென ஒரு கதவைச் சாத்திக்கொண்டனர் என்பதை எள்ளுவோர் பலர் கூறுவதில்லை.

இனி நமது வினாவின் மையத்துக்கு வருவோம். 1956 பெப்ரவரி 25ஆந் திகதி, கட்சியின் இருபதாவது காங்கிரசில், மூடிய கதவுகளுக்குள் குருஷேவ் ஆற்றிய உரை, ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை ஸ்டாலினின் குணவியல்புகளால் விளக்கியது: ஐயம், ஆணவம், கொடூரம், முகத்துதி விருப்பம். இவ்விளக்கம் போதாதென உடனேயே கூறியவர்களுள் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பல்மீரோ தொல்யாத்தி முதன்மையானவர். முன்பு நன்மையனைத்தும் ஒருவராலே விளைந்தன என்றனர், இப்போது தீமையனைத்தும் அவராலேயே விளைந்தன என்கின்றனர். ஆகவே நாம் இன்னும் தனிநபர் வழிபாட்டுக்குள்ளேயே நிற்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். கேள்வி சமுதாயம் பற்றியதாக அமைந்திருக்க வேண்டும். எந்த வர்க்க உறவுகள், எந்தப் பொருளாதார நெருக்கடிகள், கட்சிக்கும் அரசுக்கும் இடையே எத்தகைய கலப்பு, ஒரு தனிமனிதனின் ஐயத்தைக் கோடிக்கணக்கானோரின் விதியாக்க இடமளித்தன?

நினைவுக்குறிப்புகள் இக்கேள்விக்கு விடை தரவில்லை. தன்வரலாறு என்னும் வடிவமும் இதற்குத் துணைபோயிற்று. தாம் பார்த்ததையும் செய்ததையும் கூறுபவர், நிகழ்ச்சிகளின் காரணங்களைத் தம் கண்ணெதிரே நின்ற முகங்களிலேயே தேடுகிறார். ஆகவே பேரியாவின் வஞ்சகம், மாலென்கோவின் உறுதியின்மை, மொலோட்டொவின் பிடிவாதம் என மனித இயல்புகளே கதையை இயக்குகின்றன. இருபதாவது காங்கிரஸ் பற்றிய பகுதியே இதற்குத் தக்க சான்று. ஸ்டாலின் பற்றிப் பேசவேண்டும் என்ற தீர்மானம் காங்கிரஸ் நடந்துகொண்டிருக்கையில், இடைவேளைக் கூடத்தில், தமது வற்புறுத்தலால் ஏற்பட்டதாகக் குருஷேவ் நாடகச் சுவையுடன் விவரிக்கிறார். பின்னர் திறக்கப்பட்ட ஆவணங்களோ, காங்கிரஸ் கூடுவதற்கு முன்னரே, பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், கட்சித் தலைமைக் குழு இதுபற்றி விவாதித்து முடிவுகண்டது என்பதைக் காட்டுகின்றன. கூட்டாக எடுத்த முடிவு நினைவிலே ஒருவரின் துணிச்சலாக மாறிவிட்டது. அவர் வேண்டுமென்றே பொய்யுரைத்தார் எனக் கொள்ளத் தேவையில்லை. வடிவம் கதாநாயகனைக் கேட்டது, நினைவு வழங்கியது.

இம்மட்டோடு நின்றிருப்பின் இந்நூல் மற்றுமோர் அரசியல்வாதியின் தற்காப்புரையாகவே முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை. பால்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தை நமது வாசகர் அறிவர். அரசியலில் முடியாட்சிச் சார்பினரான பால்சாக், தம் விருப்புக்கு மாறாகத் தம் வர்க்கத்தின் வீழ்ச்சியைக் கண்டு எழுதினார் என்பதனை யதார்த்தவாதத்தின் வெற்றி என ஏங்கல்ஸ் கொண்டார். அக்கருத்தை விரித்துக் கோட்பாடாக்கிய ஜோர்ஜ் லூக்காச், 1956இல் ஹங்கேரியின் நாஜ் அரசாங்கத்திற் பண்பாட்டமைச்சராக இருந்து, குருஷேவ் அனுப்பிய படைகள் புடாபெஸ்ற்றுள் நுழைந்தபின் ருமேனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவரது அளவுகோலை அவரை நாடுகடத்திய அரசின் தலைவருக்கே பிரயோகிப்பது சற்று விநோதமே. எனினும் அளவுகோல் பொருந்துகிறது. குருஷேவின் கருத்துகள் விளக்கத் தவறியதை அவரது காட்சிகள் விளக்கிவிடுகின்றன.

ஸ்டாலினின் இறுதியாண்டுகளில் குன்ட்செவோ மாளிகையில் நிகழ்ந்த இரவு விருந்துகள் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். முதலிற் கிரெம்ளினில் திரைப்படம். பின்னர் நள்ளிரவு கடந்து, விடியும்வரை உணவும் குடியும். பிறர் ருசி பார்க்குமுன் ஸ்டாலின் உணவைத் தொடமாட்டார்; இன்ன பதார்த்தத்தை உண்டு பார்த்தாயா என அருகிலிருப்பவரை விசாரிப்பார்; அவர் உண்டபின்பே தாம் எடுப்பார். மேசையில் உறங்கிவிழுந்தவருக்குக் கேடு நேரலாம் என்பதால் குருஷேவ் பகலிற் சற்று உறங்கி எழுந்து செல்வார். ஐம்பது வயதைக் கடந்த, பருத்த உடலையுடைய அவரைக் குந்தியிருந்து கால்களை வீசி ஆடும் 'கொபாக்' என்னும் உக்ரேனிய நடனத்தை ஆடச் சொன்னார்கள், ஆடினார். ஸ்டாலின் ஆடச் சொன்னால் அறிவுள்ளவன் ஆடுவான் என்பதே அவர் தரும் விளக்கம்.

இக்காட்சிகளை வதந்திச் சுவைக்காக வாசிப்போர் உளர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. 1939க்கும் 1952க்கும் இடையே கட்சியின் காங்கிரஸ் ஒருமுறையேனும் கூடவில்லை. மத்திய குழு கூடுவதும் அருகிவிட்டது. அந்த வெற்றிடத்திலேதான் இவ்விருந்து மேசை போடப்பட்டிருக்கிறது. அமைப்பு செய்யவேண்டியதை மேசை செய்தது. உலகின் ஆறிலொரு பகுதியை ஆண்ட தீர்மானங்கள் அங்கு, மதுக்கிண்ணங்களுக்கிடையே பிறந்தன. குருஷேவ் நமக்குச் சொல்வது ஓர் ஐயமிகு முதியவரின் கதை. நாம் அதிற் காண்பதோ, தன் நிறுவனங்களை இழந்த கட்சி அரசவையாகச் சுருங்கிய கதை. அவ்வுண்மையை அவர் கோட்பாடாகச் சொல்லியிருந்தால் இத்துணை அழுத்தமாக உணர்ந்திருக்க மாட்டோம்.

இதனினும் கொடிய பக்கங்கள் பஞ்சம் பற்றியவை. 1946ஆம் ஆண்டின் வரட்சிக்குப்பின் உக்ரேனின் தலைவராக இருந்த குருஷேவ், அரசுக்குக் கொடுக்கவேண்டிய தானியத்தின் அளவு விளைச்சலுக்கு ஒவ்வாதது எனக் கண்டு, பங்கீட்டு அட்டைகளும் கஞ்சித்தொட்டிகளும் வேண்டினார். ஸ்டாலின் சினந்து மறுத்தார். 1947 மார்ச்சிற் குருஷேவ் சிறிதுகாலம் உக்ரேன் கட்சித் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, ககனோவிச் அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டார். ஒடெசாப் பிரதேசத்துக் கூட்டுப்பண்ணையொன்றிற் கட்சி ஊழியர் ஒருவர் கண்டு வந்து கூறியதை அவர் பதிவுசெய்கிறார்: பசியால் மதியிழந்த தாயொருத்தி தன் குழந்தையின் உடலை மேசைமீது வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள், இனி உப்பிட்டு வைத்தால் சிலநாள் தாங்கும் எனத் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். இதனைக் கூறும் இடத்திற் குருஷேவ் எவ்வித முடிவுரையும் சேர்ப்பதில்லை. 1932-33ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தைப் பற்றியும் அவர் சொல்கிறார். ஆனால் அது பிறர் வாய்ச் செய்தி. பொல்தாவாவிலிருந்து கீவ் வந்தடைந்த புகையிரதத்தில் வழிநெடுகப் பொறுக்கிய பிணங்கள் நிறைந்திருந்தனவாம். கீவ் நகரத் தலைவர் ஒருவர் மிகோயானிடம், இது ஸ்டாலினுக்குத் தெரியுமா எனக் கேட்டாராம். மிகோயான் குருஷேவிடம் சொன்னாராம். உயர்மட்டத்தில் இருந்தவர்களே தம் நாட்டின் பேரழிவை ஒருவர் காதில் ஒருவர் சொல்லும் கதையாக அறிந்தனர் என்பதைக் கூற்றின் இவ்வமைப்பே காட்டிக்கொடுக்கிறது.

காட்சிகள் பேசுவது போலவே மௌனங்களும் பேசுகின்றன. 1935 முதல் மொஸ்கோக் கட்சித் தலைவராகவும் 1938 முதல் உக்ரேன் தலைவராகவும் இருந்தவர், கைதுப் பட்டியல்களுக்கு ஒப்புதல் அளிக்காது அப்பதவிகளில் நிலைத்திருத்தல் இயலாது. அவர் ஒப்புதல் அளித்தார் என்பதற்கு ஆவணச் சான்றுகள் உள. நினைவுக்குறிப்புகளிலோ 1937 பெரும்பாலும் செயப்பாட்டு வினையிற் சொல்லப்படுகிறது: தோழர்கள் கைதுசெய்யப்பட்டனர், அழிக்கப்பட்டனர். எழுவாய் தேவைப்படும் இடங்களில் எஷோவும் பேரியாவும் ஸ்டாலினும் வருகின்றனர். 1923இல் தாம் சிறிதுகாலம் ரொட்ஸ்கியின் நிலைப்பாட்டுக்குச் சாய்ந்தமை வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி ஸ்டாலினிடம் தாமே சென்று ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை மட்டும் நுணுக்கமாக விவரிக்கிறார். தம் அச்சத்தைச் சொல்ல அவருக்கு மொழி இருந்தது. தம்மால் அச்சமுற்றோரைப் பற்றிச் சொல்ல இருக்கவில்லை. 1942 மே மாதத்துக் கார்கொவ் படுதோல்வி பற்றிய பகுதியும் இத்தகையதே. தாக்குதலை நிறுத்துமாறு கோரித் தொலைபேசியில் அழைத்ததாகவும், ஸ்டாலின் தொலைபேசிக்கு வர மறுத்து மாலென்கோவ் வாயிலாகப் பதிலளித்ததாகவும் 1956இலும் பின்னர் நாடாவிலும் அவர் கூறினார். தளபதி சூக்கொவ் தமது நினைவுக்குறிப்புகளில் இதனை மறுத்து, குருஷேவ் அங்கம்வகித்த போர்முனை இராணுவக் குழுவே நம்பிக்கையூட்டும் செய்திகளை அனுப்பிற்று என்றார்.

கலை இலக்கியம் பற்றி நூலில் உள்ளவை சுருக்கமானவை. இலக்கிய மாணவருக்கு அவை ஏமாற்றமளிக்கலாம். சொல்செனிட்சினின் குறுநாவல் 1962 நவம்பரில் 'நோவி மிர்' ஏட்டில் வெளிவர அனுமதித்தவரும், அடுத்த மாதமே ஓவியக் கண்காட்சியொன்றில் இளங்கலைஞர்மீது சீறி விழுந்தவரும் ஒருவரே. பஸ்தெர்நாக்கின் நாவலைத் தடைசெய்தது தவறென ஓய்வுக்காலத்திற் கூறினார். அந்தக் கண்காட்சியில் அவருடன் நேருக்குநேர் வாதிட்ட சிற்பி ஏர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்னியே, 1971 செப்டெம்பர் 11இல் அவர் இறந்தபின், குடும்பத்தினரின் வேண்டுகோளின்படி கறுப்பும் வெள்ளையுமான கற்களைப் பிணைத்துக் கல்லறைச் சின்னத்தை அமைத்தார்.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இப்பெயர் வெறும் அந்நியச் செய்தியன்று. இருபதாவது காங்கிரசின் அதிர்வுகளும், அதன்பின் மொஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும் இடையே மூண்ட விவாதமும் 1963-64இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை இரண்டாக்கின. முற்போக்கு இலக்கிய அணியும் தப்பவில்லை, க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இருவேறு முகாம்களில் நிற்க நேர்ந்தது. ஒரு சாராருக்குக் குருஷேவ் திரிபுவாதத்தின் மறுபெயர். மறுசாராருக்குச் சமாதான சகவாழ்வின் நாயகர். அன்று நமது மூத்தோர் தங்களுக்குள் நடத்திய விவாதங்களின் கூர்மையையும் படிப்பையும் நாம் மதிக்கிறோம். வடபகுதியில் 1966 ஒக்டோபரில் எழுச்சியுற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பீக்கிங் சார்பினர் தலைமைதாங்கியமை, அவ்விவாதம் வெறும் ஏட்டுச் சண்டையாக முடியவில்லை என்பதற்குச் சான்று. ஆயினும் இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தனர்: சோவியத் சமுதாயத்தில் என்ன நிகழ்ந்தது என்னும் வினாவை, குருஷேவ் என்னும் மனிதர் நல்லவரா துரோகியா என்னும் வினாவாக்கிக்கொண்டனர். தொல்யாத்தி 1956இற் சுட்டிய அதே பொறி. நா. சண்முகதாசன் 1989இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமது அரசியல் நினைவுகளுக்கு, தாம் மனந்திரும்பாத கம்யூனிஸ்ட் என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டார். அந்த உறுதி மதிப்புக்குரியது. குருஷேவோ மனந்திரும்பியவராகவும் திரும்பாதவராகவும் ஒருசேரப் பேசுகிறார். 1933இன் புகையிரதத்தையும் 1946இன் உப்புச்சாடியையும் சொன்ன வாயாலேயே கூட்டுப்பண்ணையிலும் கம்யூனிசத்திலும் தமக்குள்ள நம்பிக்கையையும் சொல்கிறார்.

அவருக்குத் துணையாக இருந்து நாடாக்களைக் காத்த செர்கெய் 1991இல் அமெரிக்கா சென்று, 1999இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 2020இற் காலமானார். ஆரம்பகாலப் பதிவுகள் சில திறந்தவெளியில், தோட்டத்து வாங்கில் அமர்ந்து செய்யப்பட்டவை என அவர் எழுதியுள்ளார். வீட்டினுள் ஒட்டுக்கேட்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதைக் குடும்பத்தினர் அறிவர். மறைவாகப் பேசவேண்டும் என்று அவர்கள் கருதியிருந்தால் தோட்டத்துக்குச் சென்றதற்குப் பொருள் உண்டு. குருஷேவோ குரலைத் தாழ்த்தவில்லை. கேட்பவர் எவரென அவர் அறிந்தே பேசினார்.